பயர் லைனில் முளைத்த பச்சை

போன வாரம், நம் காப்பி எஸ்டேட்டில் புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர் தம்பி ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். மழைக்குப் பிறகு நம் பயர் லைன் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று. குப்பனூர் ரோட்டுப் பக்கம் தொடங்கி, சரிவில் ஏறி, மலைமேல் கடுக்காமரத்தூர் வரைக்கும் போகிற அந்தத் தீத்தடுப்புக் கோட்டில் இடுப்பளவு புல். கண்ணைப் பறிக்கிற பச்சை, பின்னால் மேகம். “சூப்பரா இருக்குல்ல சார்?” என்று கீழே எழுதியிருந்தார். ஏற்காடு பஜாரில் என் அண்ணனுடைய டீக்கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். கையிலிருந்த டீ ஆறிப்போயிற்று.

தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் பொய், கொஞ்சம் இருந்தது. ஆனால் அந்தப் பச்சையைப் பார்த்து மயங்கியவர்களில் நான் அவருக்குச் சீனியர், ஆகவே வாயைத் திறக்க யோசிக்க வேண்டியிருக்கிறது. நான் ஓய்வுபெற்ற அன்று “உங்க அனுபவத்தையெல்லாம் எழுதுங்க பாய்” என்று ஆளாளுக்குச் சொன்னீர்கள். மாலை போட்ட கையோடு சொல்கிற மரியாதை வார்த்தை என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது எழுதுகிறேன், கேட்டவர்கள் படித்துத்தான் ஆகவேண்டும். காப்பிக்கு எப்போது கவாத்து செய்வது, நிழலை எப்போது கழிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் சொல்லப்போவது அந்தப் போட்டோவில் இருக்கிற புல்லைப் பற்றி.

அதன் பெயர் கினியா புல். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மாடும் குதிரையும் வளர்க்கப் போன இடமெல்லாம் வெள்ளைக்காரர்கள் அதைத் தீவனமாகக் கொண்டுபோனார்கள். வெயிலடிக்கிற தேசம் ஒன்றையும் அது விட்டுவைக்கவில்லை. தூர் தூராக ஆள் உயரத்துக்கு வளரும். வெட்டினால் தழையும், எரித்தாலும் தழையும், வேர் பிடித்துவிட்டால் வருஷக்கணக்கில் சாகாது. நம் எஸ்டேட்டில் எனக்கு ரொம்ப முந்தைய மேனேஜர் ஒருவர் பங்களா மாடுகளுக்காகக் கொல்லையில் நட்டார். நல்ல தீனி, அதில் சந்தேகமே வேண்டாம். பிறந்த ஊரில் அதைத் தின்று தீர்க்க யானையும் எருமையும் கூட்டம் கூட்டமாக இருக்கும். இங்கே இருந்தது பங்களாவின் இரண்டு மாடுகள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற கதையாக, மாடு போய், அந்த மேனேஜர் போய், கொல்லை போய், புல் மட்டும் நின்றது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது பங்களாவுக்குப் பின்னாலும் லாரி திரும்புகிற இடத்திலும்தான் இருந்தது. பிறகு காப்பிக் காட்டுக்குள் அங்கங்கே தலைகாட்டியது. காற்று கொண்டுவருகிறது என்றார் ஒருவர். குருவி என்றார் இன்னொருவர். காற்றாக இருந்தால் எல்லா இடத்திலும் அல்லவா முளைக்க வேண்டும்? இது பழ மூட்டையை இறக்கி எடைபோடும் இடங்களைச் சுற்றி மட்டும் முளைத்தது. ஒரு பறிப்புக் காலத்தில், அடைமழை விட்டு நசநசவென்று இருந்த ஒரு மத்தியானம், எடைபோடும் இடத்தில் நின்றபோது எனக்கு விஷயம் விளங்கிற்று. துணிச் சும்மாடு மழையில் ஊறிக் கழுத்தில் ஒழுகுகிறது என்று, பெண்கள் வழியில் கிடைத்த புல்லைக் கதிரோடு பிடுங்கி வளையமாக முறுக்கித் தலையில் வைத்து, அதன்மேல் மூட்டையைத் தூக்கி வந்தார்கள். மூட்டையை இறக்கியதும் சும்மாட்டை அங்கேயே வீசிவிட்டுப் போனார்கள். விதையைத் தலையில் சுமந்து வந்து விதைத்துக்கொண்டிருந்தது நாமேதான்.

இனிமேல் புல் சும்மாடு கூடாது, சாக்குத் துணிதான் என்று சொன்னேன். “ஏனுங்க பாய், தலைக்கு மேல வெக்கறதுக்கும் சட்டமுங்களா?” என்று சிரித்தார்கள். பாதிப் பேர் கேட்டார்கள், பாதிப் பேர் என் தலை மறையும்வரை கேட்டார்கள். உங்களுக்கு நான் சொல்வது இதுதான். வேண்டாத செடி ஒன்று புதிதாக ஓரிடத்தில் முளைத்தால் வானத்தைப் பார்க்காதீர்கள். அந்த இடத்தில் போன வருஷம் நாம் எதைக் கொண்டுவந்து இறக்கினோம் என்று யோசியுங்கள்.

இனி பயர் லைனுக்கு வருகிறேன். எஸ்டேட்டுக்கும் அதை ஒட்டிய காட்டுக்கும் நடுவே, தீ தாண்டாமல் இருப்பதற்காக, மரம் செடி இல்லாமல் வெறுந்தரையாக வைத்திருக்க வேண்டிய அகலமான பட்டை அது. அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ள எஸ்டேட்டுக்கும் மேலே இருக்கிற கடுக்காமரத்தூருக்கும் பழைய வாய்ப்பேச்சு ஒப்பந்தம் ஒன்று உண்டு. புல் ஊருக்கு, தரை எஸ்டேட்டுக்கு. ஊரில் வீட்டுக்கு வீடு மாடு இருந்த காலத்தில், பொங்கல் கழிந்தால் கோட்டில் ஒரு கைப்பிடி புல் மிஞ்சாது. அடிக்கட்டையை நம் ஆட்கள் செதுக்கிவிடுவார்கள். யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை, வேலை மட்டும் நடந்தது.

பிறகு ஊரில் மாடு குறைந்தது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சேலத்துக்கும் போனார்கள், இருந்தவர்கள் ஏற்காட்டு லாட்ஜுகளில் வேலைக்குப் போனார்கள். கடைசியில் கறவை மாடு வைத்திருந்தது வெள்ளையம்மா மட்டும்தான். கோடு ஏறி முடிகிற இடத்தில், ஊரின் முதல் வீடு அவருடையது. வீட்டுக்காரர் காலமாகி வெகுநாளாயிற்று. சாமையும் ராகியும் சாப்பாட்டுக்கு ஆகும், கைச்செலவுக்குப் பால்தான். விடியும்முன் கறந்து பஜாருக்குப் போகிற ஜீப்பில் கேனை ஏற்றிவிடுவார். அதில் பாதி என் அண்ணன் டீக்கடைக்கு வரும். அந்தப் பாலில் போட்ட டீயைக் குடித்தவர்கள் வேறு கடைக்குப் போகமாட்டார்கள் என்று அண்ணன் சொல்வார், அது அவருடைய கைப்பக்குவம் என்பதுபோல.

ஒப்பந்தம் அப்படியே இருந்தது. அதை நிறைவேற்ற மாடுதான் இல்லை. அந்த ஒரு வீட்டு மாடுகள் எவ்வளவைத்தான் தின்னும்? கோட்டில் நிழல் கிடையாது, வெயில் தாராளம். கினியா புல் அங்கே கால் வைத்து, சத்தமில்லாமல் கீழிருந்து மேல்வரை குடியேறிவிட்டது.

நான் சொல்லவந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு எதிர்பாராமல் ஒரு மழை. பறிப்பு முடியவில்லை, ஆளும் போதவில்லை. பயர் லைனைச் செதுக்க ஆள் விடுவதா, பழம் பறிக்க விடுவதா என்ற பேச்சு வந்தது. மேனேஜர், மேஸ்திரி பழனிசாமி, நான், மூவரும் போய்ப் பார்த்தோம். கோடு பூராவும் தளதளவென்று நின்றது. “பச்சப் பசேல்னு நிக்குதுங்க. இதெங்கீங்க எரியப்போகுது?” என்றார் பழனிசாமி. பச்சை என்றால் ஈரம், ஈரம் எரியாது. மூன்று பேருக்கும் அது சரியாகவே பட்டது. திரும்பி வந்து பழம் பறித்தோம்.

பங்குனியில் ஒரு நாள். எனக்கு நோன்பு. மத்தியானத் தொழுகை முடித்துத் திரும்பும்போது குப்பனூர் ரோட்டு வளைவுக்கு மேலே புகை தெரிந்தது. மலைக்கு வந்த யாரோ ரோட்டோரம் கல் கூட்டிச் சமைத்துச் சாப்பிட்டு, அடுப்பை அணைக்காமல் போயிருக்கிறார்கள். தீயணைப்பு வண்டி ரோடு வரைக்கும்தான் வரும், சரிவில் ஏறாது. வெயில் நேரத்தில் காற்று கீழிருந்து மேலே அடிக்கும். நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, பழனிசாமி ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டத்தைக் கோட்டின் நடுவே நிறுத்தியிருந்தார். எல்லார் கையிலும் தீயை அடிக்கப் பச்சைத் தழை.

“பாய், இங்கிருந்தே எதிர்த்தீ வெச்சுப்போடலாமுங்க. வர்ற தீ திங்கறதுக்கு ஒண்ணும் இல்லாமப் போயிருமுங்க” என்றார். சரியான யோசனை. அவர் அனுபவஸ்தர். நான் தலையாட்டிக்கொண்டே கோட்டுக்குள் ஒரு எட்டு வைத்தேன். காலடியில் மொறுமொறுவென்று நொறுங்கியது.

குனிந்து ஒரு தூரை இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்தேன். மேலே ஒரு முழம் பச்சை. அதற்கு உள்ளே, பல வருஷமாக யாரும் வெட்டாமல் விட்ட சருகு, பழைய கூரை மாதிரி அடர்ந்து காய்ந்து கிடந்தது. அடுத்த தூரும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். தீயைத் தடுக்கிற இடத்தில் நிற்கிறோம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் மலையடியிலிருந்து கடுக்காமரத்தூர் வரைக்கும் போட்ட திரியின் நடுவில் நின்றுகொண்டிருந்தோம்.

போன் அடித்தது. மேனேஜர். “பாய், லைனை விடாதீங்க. கீழ் ஃபீல்டு காப்பி போச்சுன்னா மறுபடி செடி வெச்சுப் பழம் பாக்க வருஷக்கணக்காகும்.”

“லைனே எரியப்போகுது சார். ஆளுகளை மேல கூட்டிட்டுப் போறேன்.”

“அப்போ கீழ் ஃபீல்டு?”

“எரியட்டும் சார்.”

அவர் “பொறுப்பு உங்களுது” என்று வைத்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். தூரத்திலிருந்து பார்த்தால் பயர் லைன் பயர் லைனாகத்தான் தெரியும்.

பழனிசாமி நகரவில்லை. “கோட்ட உட்டுப்போட்டு ஓடறதுங்களா? நாளைக்கு ஊருக்குள்ள மூஞ்சியக் காட்டறதெப்படீங்க?”

“மூஞ்சி இருந்தாத்தான காட்டறது? ஏறு பழனிசாமி!” என்று கத்தினேன். அத்தனை வருஷத்தில் அவரை நான் ஒருமையில் பேசியது அன்றைக்குத்தான்.

கோட்டு வழியே ஏறவில்லை. காப்பி நிழலுக்குள் புகுந்து ஏறினோம். அங்கே தீ வந்தாலும் சருகில் தவழ்ந்துதான் வரும், ஆளைத் துரத்தாது. வழியில் இரண்டு தடவை நிறுத்தித் தலை எண்ணினேன். நெருக்கடியில் தலை எண்ணுவது நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றும். எண்ணுங்கள்.

கடுக்காமரத்தூருக்குக் கொஞ்சம் கீழே கோட்டின் குறுக்கே ஒரு அகலமான வழுக்குப் பாறை இருக்கிறதே, அதுதான் என் மனதில் இருந்த இடம். புல் முளைக்காத ஒரே இடம் அது. பாறையின் இரண்டு ஓரத்திலும் மண் இடுக்கில் நின்ற புல்லை வெட்டி இழுத்துப் போட்டுவிட்டால் திரி அங்கே அறுந்துவிடும். கொடுவாளோடு எல்லாரும் இறங்கினார்கள். ஊரில் இருந்த கிழடு கட்டைகள்கூடக் குடத்தில் தண்ணீரோடு வந்துவிட்டார்கள்.

வெள்ளையம்மா கொட்டாயில் மாடுகளோடு நின்றிருந்தார். “அவுத்து உடும்மா, ஓடிப் பொழைச்சுக்கட்டும்” என்றேன்.

“அவுத்து உட்டா மெரண்டு போயி தீயிலயே உழுவுமுங்க பாய். நான் ஓட்டிட்டுப் போறேன்” என்றார். அவசரமே இல்லாதவர்போல மூத்த செவலையின் கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு, அதன் காதருகே ஏதோ பேசியபடி, ஊருக்குப் பின்னால் ஜீப் வருகிற ரோட்டுப் பக்கம் நடந்தார். மற்றவை பின்னால் போயின. அந்த நடையைப் பார்த்துத்தான் எங்கள் ஆட்களும் பதறாமல் வெட்டினார்கள் என்று நினைக்கிறேன்.

தீ கோட்டுக்குள் புகுந்த சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. காட்டுக்குள் பொரபொரவென்று மெதுவாக வந்துகொண்டிருந்தது, கோட்டைத் தொட்டதும் ஓட ஆரம்பித்தது. நாங்கள் முதலில் நின்றிருந்த இடத்தை அது எப்போது தாண்டியது என்றே தெரியவில்லை. பழனிசாமி என்னை ஒரு தடவை பார்த்தார். பாறைக்குக் கீழ் ஓரத்தில் அவரே எதிர்த்தீ வைத்தார். இறங்கிப்போன தீயும் ஏறிவந்த தீயும் ஒன்றையொன்று முட்டின, தின்ன ஒன்றும் இல்லாமல் இரண்டும் அடங்கின.

ஆனால் பொறி பறந்தது. பாறையைத் தாண்டி வெள்ளையம்மாவின் சாமைத்தாள் போரில் விழுந்தது, போரிலிருந்து மாட்டுக் கொட்டாய்க் கூரைக்குத் தாவிற்று. குடத்துத் தண்ணீரில் வீட்டைக் காப்பாற்ற முடிந்தது. போரும் கொட்டாயும் போயின. கோடைக்கு மாடு தின்ன வைத்திருந்த தீனி அத்தனையும் சாம்பல். கீழே எஸ்டேட்டின் கீழ் ஃபீல்டும் ஓரத்தில் நல்ல பாதி கருகியிருந்தது.

சூரியன் இறங்கியபோது பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளையம்மா ஒரு சொம்போடு வந்தார். அன்றைக்குப் பிற்பகல் அத்தனை அமளியிலும் மாட்டுக்கு மடி நிறையாமலா இருக்கும்? ஜீப் ரோட்டோரமே கட்டிவைத்துக் கறந்திருக்கிறார். “நோன்பு தொறங்க பாய்” என்று நீட்டினார். போர் எரிந்த சாம்பல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அந்தப் பாலைக் குடித்துவிட்டு நான் அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை, புகையில் எல்லார் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் தீக்கதை. தீயை அணைத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. உங்களுக்கு நான் சொல்லவேண்டியது அதற்குப் பிறகு வருகிறது.

சித்திரையில் கோடைமழை இரண்டு பெய்தது. கருகின மலையில் முதலில் பச்சையாக எழுந்தது எது தெரியுமா? அதே புல். எரிந்த தூரிலிருந்தே குச்சி குச்சியாகக் கிளம்பி, போட்டிக்கு வேறு செடி இல்லாத சந்தோஷத்தில், முன்னைவிட நெருக்கமாக வந்தது. மண் நன்றாக நனைந்திருந்தது. தூரை வேரோடு பெயர்க்க அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. மேனேஜர் உத்தரவு போட்டார், எனக்கு உத்தரவே தேவைப்படவில்லை. இருந்த ஆட்களையெல்லாம் திரட்டிக் கடப்பாரையோடு உச்சியிலிருந்து தொடங்கலாம் என்று போனேன். ஊருக்குப் பக்கத்தில் ஒரு தூர்கூட நிற்கக்கூடாது என்பது என் பிடிவாதம்.

அங்கே வெள்ளையம்மாவின் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. விலா எலும்பை எண்ணிவிடலாம். முன்னால் அவர் நின்றார்.

“ஏனுங்க பாய், திங்கற மாட்டு முன்னாடி எலைய உருவறீங்களே, ஞாயமுங்களா?”

“இந்தப் புல்லுதாம்மா உன் கொட்டாயை எரிச்சது.”

“எரிச்சதும் இதுதானுங்க, இப்போ சோறு போடறதும் இதுதானுங்க. தாள்போரு இருந்தா உங்ககிட்ட வந்து நிப்பனுங்களா? அடிவாரத்துத் தரகன் நேத்தே வந்து பல்லப் புடிச்சுப் பாத்துப்போட்டுப் போயிட்டான். நீங்க இதப் புடுங்குனீங்கன்னா நாளைக்குக் கவுத்த அவங்கையில குடுக்கோணும். அப்புறம் நானும் லாட்ஜுல பாத்திரம் கழுவப் போகோணும். மாடு இருக்கறவரைக்கும்தானுங்க நான் இந்த ஊட்டுல இருக்க முடியும்.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மேல் அல்ல. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதன் மேல். நான் சொன்னதிலும் தப்பில்லை. ஐப்பசிக்குள் தோண்டாவிட்டால் புல் பூக்கும், விதை கொட்டும், இன்னும் எத்தனை வருஷத்துக்கு முளைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. தோண்டினால் இவர் மாட்டை விற்கவேண்டும். பின்னால் கடப்பாரையோடு நிற்பவர்கள் என் முகத்தையே பார்க்கிறார்கள். அந்த இடத்தில் நியாயத்தைப் பேசி ஜெயித்துவிடலாம். ஜெயித்து என்ன செய்வது? கோட்டின் உச்சியில் கண்ணும் கையும் வைத்துக் குடியிருக்கிற கடைசி மனுஷியை நானே ஊரைவிட்டு அனுப்பினதாகும்.

“பழனிசாமி, எல்லாரையும் கீழ கூட்டிட்டுப் போங்க” என்றேன். “ரோட்டுப் பக்கத்துல இருந்து தோண்டிட்டு வாங்க. மேல் கோடு, நாம ஏறி வர்ற வரைக்கும் இவங்க மாட்டுக்கு.” வெள்ளையம்மாவிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். கோட்டில் ஒரு கதிர் எழக்கூடாது. மாடு தின்றது போக மிச்சத்தை அவர் தினமும் அறுக்கவேண்டும்.

“ஒத்தப் பூ எந்திரிக்க உடமாட்டனுங்க” என்றார்.

அன்று சாயங்காலம் அண்ணன் கடையில் இதைச் சொன்னேன். “அவங்க மாட்ட வித்துட்டா நான் பாக்கெட் பாலுக்குப் போயிருவேன். அந்தம்மா எதுக்குப் போகும்?” என்றார் அண்ணன். மறுநாள் குப்பனூரில் மாடு வைத்திருக்கிற அவருடைய பழக்கக்காரர் ஒருவரிடமிருந்து கோ-4 தீவனப்புல் கரணை ஒரு கட்டு ஜீப்பில் வந்து இறங்கியது. அதுவும் உயரமான புல்தான், மாடு விரும்பித் தின்னும். ஆனால் கரும்பு மாதிரி கரணை வெட்டி நட்டால்தான் வரும். விதை விழுந்து முளைக்காது. நட்ட இடத்தில் நிற்கும், நம் தலைமேல் ஏறிச் சவாரி போகாது.

நட இடம் வேண்டும். எஸ்டேட் தண்ணீர்த்தொட்டி வழிகிற பக்கத்தில் சும்மா கிடந்த துண்டு நிலத்தைக் கேட்டேன். கீழ் ஃபீல்டு கருகினதிலிருந்து மேனேஜர் என்னோடு வேலைக்கு வேண்டியதை மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தார். நான் விளக்கம் சொல்லவில்லை. எரியாமல் தப்பிய ஒரு தூரை வேரோடு பெயர்த்து அவர் ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் வைத்தேன். அவரே குனிந்து அதை விலக்கினார். உள்ளே இருந்த சருகைக் கையில் அள்ளிக் கசக்கினார், தூளாகப் போயிற்று. “அன்னிக்கு இதுக்குள்ளயா நின்னீங்க?” என்றார். நிலம் கிடைத்தது.

வெள்ளையம்மா அதற்கும் ஒரு சண்டை போட்டார். “தண்ணி பாய்ச்சி வளத்த புல்லுத் தின்னா பாலும் தண்ணியாப் போயிருமுங்க.”

“போனா எங்கண்ணன் டீயில தெரிஞ்சிரும்மா. அப்போ வந்து என்னைத் திட்டு.”

கீழிருந்து ஆட்கள் தோண்டிக்கொண்டு ஏற, மேலிருந்து மாடுகள் தின்றுகொண்டு இறங்க, நடுவில் கோ-4 வளர வேண்டும். மூன்றில் எது பிந்தினாலும் இன்னொன்று கெட்டுவிடும். ஆனியில் ஒரு வாரம் தீனி பற்றாமல் மாடுகள் கத்தின. அண்ணன் கடைப் பால் பாதியாகக் குறைந்தது. தரகன் மறுபடி வந்தான். வெள்ளையம்மா அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். எங்கள் ஆட்களோ தோண்டுகிறோம் என்று பேர் பண்ணி மேல்புல்லைச் சீவிவிட்டு அடிக்கட்டையை மண்ணிலேயே விட்டுக்கொண்டிருந்தார்கள். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தால் பின்னால் முளைத்திருக்கும். நான் கத்தி, பழனிசாமி கத்தி, கடைசியில் பெயர்த்த தூர் ஒவ்வொன்றையும் வேர் வானத்தைப் பார்க்கக் கவிழ்த்து வைக்கவேண்டும் என்று வழக்கம் கொண்டுவந்தோம். வேர் கண்ணுக்குத் தெரிந்தால்தான் கூலிக் கணக்கில் ஏறும். ஆவணி பாதியில் கோ-4 முதல் அறுப்புக்கு வந்தது. புரட்டாசிக் கடைசியில் கடப்பாரை வெள்ளையம்மா வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. அதுவரைக்கும் மேல் கோட்டில் ஒரு கதிர் எழவில்லை. நான் போய்ப் போய்ப் பார்த்தேன், சொன்னபடி ஒன்றுகூட இல்லை.

அந்த வருஷம் எல்லாருக்கும் உற்சாகம். அடுத்த வருஷ மழையில், மண்ணில் கிடந்த பழைய விதையெல்லாம் நாற்றங்கால் மாதிரி முளைத்தபோது உற்சாகம் போய்விட்டது. “முடியாதுங்க பாய், இது நம்மளப் பாத்துச் சிரிக்குதுங்க” என்றார் பழனிசாமி. மறுபடி குனிந்தோம். அதற்கடுத்த மழைக்கும் குனிந்தோம். தூர் பெயர்ப்பதில் வேர்த்துக் கொட்டும், ஆளைப் பார்த்தாலே வேலை செய்தவன் என்று தெரியும். விரல் நீள நாற்றைத் தேடிப் பிடுங்குவதில் ஒன்றும் தெரியாது. பார்ப்பவனுக்கு அது சும்மா உலாத்துவதாகத்தான் படும். ஆனால் அந்த நாற்றை விட்டால் அடுத்த வருஷம் தூர், அதற்கடுத்த வருஷம் சருகுக் கூரை. கோட்டைத் தீவைத்துச் சுத்தம் செய்வதையும் அறவே நிறுத்தினோம். எரிப்பது அந்தப் புல்லுக்கு விருந்து, மற்றச் செடிகளுக்குத்தான் சாவு. வருஷம் போகப் போகப் பிடுங்கவேண்டியது குறைந்தது. நான் ஓய்வுபெறும்போது கோட்டில் நம் மலையின் குட்டைப் புல்தான் அங்கங்கே இருந்தது. பார்க்க அழகாக இருக்காது. வெளிறின செம்மண் தெரியும். பயர் லைன் அப்படித்தான் இருக்கவேண்டும்.

நான் போய் இரண்டு மழை கடந்துவிட்டது. நடுவில் பழனிசாமியும் மகனோடு இருக்கச் சேலத்துக்குப் போய்விட்டார். பழைய மேனேஜரும் மாறிப்போனார். மழைக்கு மழை கோட்டில் போய்க் குனியவேண்டும் என்று உங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அதனால்தான் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போட்டோவைப் பார்த்ததும் நான் முதலில் அந்தத் தம்பிக்குப் போன் செய்யவில்லை. வெள்ளையம்மாவுக்குத்தான் செய்தேன். இப்போது அவருக்கு முழங்கால் வலி, பழையபடி ஏறி இறங்க முடிவதில்லை. இருந்தாலும் மாடு இருக்கிறது, கோ-4 இருக்கிறது, அண்ணன் கடைக்குப் பால் வருகிறது.

“கோட்டுல மறுபடி வந்திருச்சாமே வெள்ளையம்மா, பாத்தியாம்மா?”

“பாக்காமீங்களா பாய்? ஊட்டு முன்னால இருக்கற வரைக்கும் நான் பெயத்துட்டேனுங்க. பாறைக்குக் கீழதான் ஒத்தையாளா முடியறதில்லீங்க. தூரு நொம்பப் பெருசாப் போச்சு. எஸ்டேட்டுல வந்து சொன்னேன், பாக்கறமுன்னாங்க.” கொஞ்சம் நிறுத்திச் சிரித்தார். “அன்னைக்குக் கீழ எறங்கித் தோண்டிட்டிருந்தேன். உங்க புது சூப்பர்வைசர் கண்ணு போனத் தூக்கிட்டு வந்துச்சு. கூடப் புடிக்க வந்துச்சாக்கும்னு பாத்தனுங்க. ‘அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போட்டோவுல வர்றீங்க’ன்னுச்சு. தள்ளி நின்னுக்கிட்டேன்.”

போனை வைத்துவிட்டு அந்தப் படத்தை மறுபடி திறந்தேன். அண்ணனிடம் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, இடது ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அத்தனை பச்சைக்கு நடுவே ஒரு கடப்பாரையும் அதைப் பிடித்திருந்த கையும் தெரிந்தன. முகம் படத்துக்கு வெளியே இருந்தது.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். அவர் தள்ளி நின்ற அந்த இடத்திலிருந்தே தொடங்குவோம். கடப்பாரை ஸ்டோரில் இருக்கிறது. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு வாருங்கள், போன் வீட்டிலேயே இருக்கட்டும்.